"இப்படியே போனால்" வேறு, "இப்படித்தான் ஆகும்" வேறு: தொற்றுநோய்க் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014 செப்டம்பரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் ஒரு கணக்கை வெளியிட்டது. லைபீரியாவிலும் சியரா லியோனிலும் அடுத்த ஜனவரிக்குள் 14 லட்சம் பேர் வரை எபோலாவுக்கு ஆளாகலாம் என்றது அது. மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் கடைசியில் பதிவானதோ சுமார் 28,600 பேர். உடனே "கணிப்பு பொய்த்துவிட்டது" என்ற பேச்சு எழுந்தது.

அது நியாயமில்லை. கூடுதல் நடவடிக்கை இல்லாமல், மக்களின் நடத்தையும் மாறாமல் இருந்தால் என்ற நிபந்தனையோடு வந்த எண் அது. நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேரைத் தொற்று பரவாத சூழலில் வைத்துப் பராமரித்தால் பரவல் அடங்கிவிடும் என்றும் அதே அறிக்கை சொன்னது. செய்தியில் நிபந்தனை உதிர்ந்தது, எண் மட்டும் நின்றது.

பெரிய தவறு இதுதான்: நிபந்தனையோடு வந்த கணக்கை, நடக்கப்போவதாகவே எடுத்துக்கொள்வது. அடுத்த 2 வாரத்துக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்பதற்குக் குறுகிய காலக் கணிப்பு போதும். பள்ளிகளை மூடலாமா என்பதற்கு, மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன என்று இரண்டு நிலைகளையும் ஒப்பிட வேண்டும். எந்த முடிவுக்காகக் கேட்கிறோம் என்று தெரியாமல் மாதிரியை, அதாவது பரவலைக் கணக்கிடும் கணித அமைப்பை, ஓட்டத் தொடங்காதீர்கள்.

அடுத்தது, கடைசி சில நாள் தரவை அப்படியே நம்புவது. அறிகுறி தோன்றி, பரிசோதனை செய்து, முடிவு வந்து, பதிவேறுவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அதனால் நோயாளிகளின் எண்ணிக்கையை அறிகுறி தோன்றிய தேதிப்படி வரைந்தால், தொற்று ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட வளைகோட்டின் நுனி கீழே சாய்ந்தே தெரியும். அதை நம்பிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் விலை உயிர்கள்தான். ஒவ்வொரு நாளும் கையில் இருந்த தரவைத் தனியாகச் சேமித்துவையுங்கள். பிறகு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்த்தால், இன்று இன்னும் எவ்வளவு வர வேண்டும் என்று மதிப்பிடலாம்.

தரவு வரும் வழியையும் சோதியுங்கள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டிருந்தது தெரியவந்தது. காரணம், பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் இத்தனை வரிசைகள்தான் அடங்கும் என்ற வரம்பு! தொற்றியவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

சரி, வளைகோட்டுக்கு ஒரு அழகான வடிவத்தைப் பொருத்திவிட்டால் போதுமா? 2020 ஏப்ரலில், ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடும் என்ற வகையிலான ஒரு மாதிரி, ஆகஸ்ட் தொடக்கம் வரை அமெரிக்காவில் சுமார் 60,000 கோவிட் மரணங்கள் என்றது. ஏப்ரல் முடியும் முன்பே அந்த எண்ணிக்கை தாண்டிவிட்டது. நோய் எப்படித் தொற்றுகிறது என்பது கணக்கில் இருக்க வேண்டும். ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்ற எண்ணும் ஏமாற்றும்: 2003இல் சார்ஸ் பரவியபோது பெரும்பாலான நோயாளிகள் யாருக்கும் தொற்றவைக்கவில்லை, சிலர் மட்டும் பலருக்குப் பரப்பினார்கள்.

அப்புறம், ஒற்றை எண்ணைக் கொடுக்காதீர்கள். எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை இருக்கலாம் என்ற வீச்சைச் சொல்லுங்கள். முடிந்தால் பல மாதிரிகளைச் சேர்த்துப் பாருங்கள்; ஃப்ளூவிலும் கோவிடிலும் கூட்டுக் கணிப்பு தனி மாதிரிகளைவிடப் பெரும்பாலும் நிலையாக இருந்தது. வெளியிட்ட ஒவ்வொரு கணிப்பையும் தேதியோடு பாதுகாத்து, நடந்ததோடு ஒப்பிடுங்கள். "இந்த வாரம் எவ்வளவோ அடுத்த வாரமும் அவ்வளவே" என்ற எளிய ஊகத்தையே உங்கள் மாதிரி வெல்லவில்லை என்றால், படுக்கைகளை ஒதுக்க அதை நம்ப வேண்டாம்.