ஸ்லீவா, பைபாஸா? எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையை எப்படித் தேர்ந்தெடுப்பது

எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று முடிவுக்கு வந்தவர்கள் டாக்டரிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் "எதுல கிலோ அதிகம் குறையும்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள். நம் ஊரில் அதிகம் நடக்கிற ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் எடைக்கணக்கில் வித்தியாசம் சிறியதுதான். ஸ்விட்சர்லாந்தில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், 5 வருடம் கழித்து ஸ்லீவ் செய்தவர்கள் கூடுதலாக இருந்த பிஎம்ஐயில் (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக்கணக்கு) சராசரியாக 61 சதவீதமும், பைபாஸ் செய்தவர்கள் 68 சதவீதமும் குறைத்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் இருப்பது அதற்கப்புறம் வரக்கூடிய தொந்தரவுகளில், அவைதான் ஆயுசுக்கும் கூட வருபவை. அதனால் உங்கள் நெஞ்செரிச்சல், உங்கள் சுகர், தினமும் தவறாமல் மாத்திரை போடுவீர்களா என்பது, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

எது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லீவ் என்றால் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை நீளவாக்கில் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுவார்கள், வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய்தான் மிஞ்சும். குடலைத் தொடமாட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கிற பகுதியும் சேர்ந்து போய்விடுவதால், சாப்பிடும் அளவோடு பசியும் குறைகிறது. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி மட்டும் கொள்ளும் ஒரு சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலை வெட்டி மேலே இழுத்து அதோடு இணைப்பார்கள். பித்தநீரும் கணையநீரும் வருகிற குடல் பகுதியைக் கீழே இன்னொரு இடத்தில் சேர்ப்பார்கள், ஆக மொத்தம் இரண்டு இணைப்பு. மீதி இரைப்பை உள்ளேயேதான் இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியாகப் போகாது. மினி பைபாஸ் என்பது ஒரே இணைப்பு: பை கொஞ்சம் நீளம், ஆபரேஷன் நேரம் குறைவு. அமெரிக்க சர்ஜன் ராபர்ட் ரட்லெட்ஜ் 1997ல் ஆரம்பித்து வைத்தது, இந்தியாவில் நிறைய பேர் செய்கிறார்கள்.

இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடுகிற பேண்ட் முறையை யாராவது புதிதாகப் பரிந்துரைத்தால் யோசியுங்கள், வைத்தவர்களில் பலர் பிற்பாடு அதை எடுக்க வேண்டி வந்ததால் உலகம் முழுக்கவே அது ஓய்ந்துவிட்டது. பலூன் ஆபரேஷனே இல்லை. எண்டோஸ்கோபி வழியாக வைத்து, பெரும்பாலும் 6 மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடுத்த பிறகு எடை ஏறுவது சகஜம். டியோடினல் ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு, எடை குறைவதில் அதுதான் முதலிடம், சத்துக்குறைபாட்டிலும் அதுதான் முதலிடம், அதனால் மிக அதிக எடை உள்ள சிலருக்கு மட்டும்தான். ஆக, பெரும்பாலானவர்களுக்கு முடிவு ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ் இந்த மூன்றுக்குள்தான்.

முதலில் நெஞ்செரிச்சல். என்னைக் கேட்டால் ஸ்லீவா பைபாஸா என்பதைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் முதல் இடம். ஸ்லீவுக்குப் பிறகு இரைப்பை குறுகலான குழாயாகி உள்ளே அழுத்தம் கூடுவதால் அமிலம் மேலே ஏற வாய்ப்பு அதிகம். முன்னால் சொன்ன அதே ஆய்வில், ஏற்கனவே எதுக்களிப்பு இருந்தவர்களில் பைபாஸ் செய்தவர்களுக்கு 60 சதவீதம் பேருக்கு அது போய்விட்டது, ஸ்லீவ் செய்தவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான். அதிகமானது ஸ்லீவில் 32 சதவீதம் பேருக்கு, பைபாஸில் 6 சதவீதம் பேருக்கு. பின்லாந்தில் 10 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்விலும் உணவுக்குழாய் புண்பட்டிருந்தது ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம்.

"எனக்கு அசிடிட்டி எல்லாம் பெருசா இல்ல" என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். ராத்திரி எட்டரை மணிக்கு மேல் சாப்பிட்டால் தலையணையை உயர்த்தி வைத்துப் படுப்பவர்கள், மாதக்கணக்காகக் காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் என்ற அசிடிட்டி மாத்திரை போடுபவர்கள், இவர்கள் எல்லாம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எண்டோஸ்கோபி கட்டாயம் செய்துகொள்ளுங்கள், ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டு மூடாமல் நீங்களே படியுங்கள். அதில் உணவுக்குழாய் பற்றிய வரியில் ஈசோஃபஜைட்டிஸ் (உணவுக்குழாய்ப் புண்) என்று இருந்தால் பக்கத்தில் கிரேடு ஏ, பி, சி, டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஏ என்றால் லேசானது, அங்கே டாக்டரோடு பேச இடமிருக்கிறது. சி, டி என்றோ, பாரெட்ஸ் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்பூச்சு மாறிப்போவது) என்ற சொல்லோ இருந்தால் ஸ்லீவை விட்டுவிட்டு இரண்டு இணைப்பு உள்ள பைபாஸைப் பற்றிப் பேசுங்கள். ஹையாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது) என்று இருந்தால் அதன் அளவு என்ன, அதையும் சேர்த்துச் சரிசெய்வீர்களா என்று கேளுங்கள். மினி பைபாஸில் அமிலத்துக்குப் பதில் பித்தநீர் மேலே வரக்கூடும் என்பதால், கடுமையான எதுக்களிப்பு உள்ளவர்கள் "அதுவும் பைபாஸ்தானே" என்று சமாதானப்பட வேண்டாம். அதே எண்டோஸ்கோபியில் எச் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் முன்னதாகவே மருந்து எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது சுகர். இதில் "இருக்கு, இல்ல" என்பது மட்டும் போதாது. எத்தனை வருடமாக இருக்கிறது, எத்தனை வகை மாத்திரை, இன்சுலின் போடுகிறீர்களா, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) எவ்வளவு, இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் டாக்டர்கள் 2017ல் இந்த நாலை வைத்தே மதிப்பெண் போடும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அதன்படி சுகர் வந்து கொஞ்ச காலம்தான், ஒரு மாத்திரையில் கட்டுப்படுகிறது என்றால் இரண்டு ஆபரேஷனுமே நல்ல பலன் தரும். நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு பைபாஸ் தெளிவாக ஒரு படி மேல். பதினைந்து இருபது வருடமாக இருந்து, இன்சுலினிலும் கட்டுப்படாதவர்களுக்கு எதைச் செய்தாலும் சுகர் முழுசாகப் போவது அரிது, அவர்களுக்கு அபாயம் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். இது முக்கியமான விஷயம், ஏனென்றால் "ஆபரேஷன் பண்ணா சுகர் போயிடும்" என்ற ஒரே நம்பிக்கையில் வருகிறவர்களில் பலர் இந்தக் கடைசி வகைதான். ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சுகர் இறங்கத் தொடங்கும் என்பதால் பழைய அளவிலேயே இன்சுலினும் மாத்திரையும் போட்டால் சுகர் ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது புது அளவை எழுதி வாங்காமல் வராதீர்கள்.

இனி மாத்திரை. பைபாஸ், மினி பைபாஸ் இரண்டிலும் சாப்பாடு சிறுகுடலின் ஆரம்பப் பகுதியைத் தாண்டிப் போகிறது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அங்கேதான். அதனால் மல்டிவிட்டமின், பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி எல்லாம் ஆயுசுக்கும் உண்டு. ஸ்லீவிலும் விலக்கு இல்லை, கொஞ்சம் தளர்வு, அவ்வளவுதான். என் அக்கா பைபாஸ் செய்துகொண்டவள். காலையில் எழுந்ததும் இரும்பு மாத்திரை, அதனால் காபி ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். கால்சியம் இரும்போடு சேரக்கூடாது என்பதால் அது மதியத்துக்கும் ராத்திரிக்கும். ஊருக்குப் போனாலும் அந்த மாத்திரை டப்பா கைப்பையில்தான் இருக்கும். பிரஷர் மாத்திரையையே வாரத்துக்கு மூன்று நாள் மறப்பவர் என்றால் இதை நேர்மையாக யோசிக்க வேண்டும். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்களுக்கு பைபாஸுக்குப் பிறகு ரத்தசோகை சீக்கிரம் வந்துவிடும், ஆபரேஷனுக்கு முன்பே ஃபெர்ரிட்டின் (உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள்.

வேறு நோய்களுக்குப் போடும் மருந்தும் இந்த முடிவில் சேர்த்தி. முடக்குவாதத்துக்கோ மூட்டுவலிக்கோ டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை இல்லாமல் நடமாட முடியாது என்பவர்களுக்கு பைபாஸ் இணைப்பில் அல்சர் வரும் அபாயம் அதிகம், அங்கே ஸ்லீவ் பக்கம் சாய்வது சரி. பீடி, சிகரெட்டும் அதே அல்சரைக் கொண்டுவரும். நிறுத்த முடியாது என்றால் பைபாஸ் வேண்டாம், நிறுத்தாமல் எந்த ஆபரேஷனுமே நல்லதில்லை. வலிப்பு, மனநலம், உறுப்பு மாற்றத்துக்கான மருந்துகள் எடுப்பவர்கள், அவற்றின் அளவு பைபாஸுக்குப் பிறகு ரத்தத்தில் மாறக்கூடும் என்பதால் அந்தந்த டாக்டரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் எந்த ஆபரேஷனாக இருந்தாலும் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும், அதுவரைக்கும் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், வேறு முறையைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் பைபாஸில் அதிகம் வருகிற ஒரு தொந்தரவு டம்பிங். ஒரு டம்ளர் பாயசமோ கொஞ்சம் கேசரியோ உள்ளே போன கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டும், படபடக்கும், வயிறு முறுக்கிக் கொண்டு போகும். ஸ்லீவில் இது குறைவு. மினி பைபாஸில் கவனிக்க வேண்டியது புரதம். பிரான்சில் நடந்து 2019ல் வெளியான ஆய்வில், எடை குறைவதில் மினி பைபாஸ் வழக்கமான பைபாஸுக்குச் சளைத்ததாக இல்லை, ஆனால் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைபாடும் அதில் அதிகம். அங்கே 200 சென்டிமீட்டர் குடலைத் தாண்டவிட்டிருந்தார்கள், அதனால் உங்களுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று சர்ஜனிடம் கேட்பது நியாயமான கேள்வி. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான், இட்லியில் 2 கிராம் வந்தால் பெரிது. முட்டையும் தொடாத சைவ வீட்டில், கால் டம்ளர் மோர் குடித்தாலே வயிறு நிறைந்துவிடுகிற ஆரம்ப மாதங்களில், பனீர், பருப்பு, சுண்டல், புரத பவுடர் என்று திட்டம் போட்டுச் சாப்பிட்டால்தான் அந்த 60 கிராம் வரும். அதற்கு வீட்டில் ஆள் ஒத்துழைப்பு இருக்காது என்று தெரிந்தால் நீளமான குடல் பைபாஸ்கள் உங்களுக்கு வேண்டாம்.

அபாயம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நல்ல மருத்துவமனைகளில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. ஸ்லீவில் பயப்படுவது ஸ்டேப்ளர் போட்ட இடத்தில், முக்கியமாக மேல்முனையில், கசிவு. வந்தால் ஆற வாரக்கணக்காகும். பைபாஸில் வருடங்கள் கழித்தும் குடல் உள்ளுக்குள்ளேயே ஓர் இடைவெளியில் போய்ச் சிக்கிக்கொள்ளலாம். உடல் இளைத்த பிறகு திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் கேஸ் என்று இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிஎம்ஐ 50, 60 தாண்டியவர்களுக்கு முதலில் ஸ்லீவ் மட்டும் செய்து எடை இறங்கிய பிறகு தேவைப்பட்டால் பைபாஸாக மாற்றுவதும் உண்டு.

இன்சூரன்ஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. சர்வதேச அமைப்புகளின் 2022 வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5லிருந்தே இந்த ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆனால் இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிப்படி பாலிசியில் பணம் வர பிஎம்ஐ 40 ஆவது இருக்க வேண்டும், அல்லது 35 இருந்து கூடவே கட்டுப்படாத சுகர், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), இதய நோய் மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். டாக்டர் "நீங்க தகுதியானவர்" என்று சொன்னதை நம்பி அட்மிஷன் போட்ட பிறகு கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் கஷ்டம், எழுத்தில் முன்அனுமதி வாங்கிய பிறகே தேதி குறியுங்கள்.

கடைசியாக சர்ஜன். மூன்று வகையும் செய்கிறவரா என்று கேளுங்கள். ஸ்லீவ் மட்டுமே செய்பவரிடம் போனால் பதிலும் ஸ்லீவாகத்தான் இருக்கும், அப்போது இன்னொரு டாக்டரிடமும் ரிப்போர்ட்டுகளைக் காட்டுங்கள். "எனக்கு ஏன் மற்றது வேண்டாம்?" என்ற கேள்விக்கு அவர் உங்கள் எண்டோஸ்கோபியையும் எச்பிஏ1சியையும் எடுத்துவைத்துப் பதில் சொல்ல வேண்டும். மௌஞ்சாரோ மாதிரி எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அதையும் அவரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள், இரைப்பை காலியாக நேரமெடுக்கும் என்பதால் அவர்கள் அதற்கேற்ப ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் என்ன வகை, குடல் எத்தனை சென்டிமீட்டர், என்றைக்குச் செய்தது என்ற விவரம் உள்ள ஆபரேஷன் நோட்டை வாங்கி போனில் படமெடுத்து வையுங்கள், வீட்டில் ஒருவருக்காவது அனுப்பி வையுங்கள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் விடாத வாந்தியோடு போய் நிற்கும்போது அந்தப் படத்தைக் காட்டி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (விட்டமின் பி1) ஊசி வேண்டுமா பாருங்கள் என்று கேட்கவும் வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள்.