1932 ஃபோர்டு கூப்பை ஸ்ட்ரீட் ராடாக மாற்றுவது: 1/25 மாடல், மதுரைக் கடைச் சாமான்களோடு

ஸ்ட்ரீட் ராட் என்றால் 1948 வரை வந்த பழைய அமெரிக்கக் காரின் எஞ்சினையும் பிரேக்கையும் சக்கரங்களையும் மாற்றி, ரோட்டில் ஓட்டத் தோதாகச் செய்த வண்டி. இதில் ஆட்கள் அதிகம் தேடுவது 1932 ஃபோர்டைத்தான். 221 கன அங்குல, 65 குதிரைத்திறன் வி8 எஞ்சினை சாதாரண விலைக் காரில் ஃபோர்டு வைத்தது அந்த ஆண்டில்தான். ஆரம்பிப்பவர்கள் 1/25 அளவு (நிஜ வண்டியில் 25-ல் ஒரு பங்கு), மூன்று ஜன்னல் கூப் (இரண்டு கதவு, மூடிய கூரை) கிட் வாங்குங்கள். ஆன்லைனில்தான் கிடைக்கும். 1/24 வேண்டாம் என்பதற்குக் காரணம் கணக்கு: 1/25-ல் நிஜ வண்டியின் 1 அங்குலம் ஏறக்குறைய 1 மி.மீ. ஸ்ட்ரீட் ராடில் செய்வதுபோல் கூரையை 3 அங்குலம் இறக்க வேண்டுமா, 3 மி.மீ. வெட்டினால் போதும். 106 அங்குல வீல்பேஸ் (முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் உள்ள தூரம்) 107.7 மி.மீ. ஆகும், சேசிஸ் ஒட்டிய பிறகு ஸ்கேல் வைத்துச் சரிபார்க்க இந்த ஒரு எண் போதும்.

சாமான்கள்

சின்ன அரம், மெல்லிய ரம்பம் இரண்டுக்கும் ஹாபி கடை தேட வேண்டாம். தெற்காவணி மூல வீதி நகைக்கடைப் பக்கம் ஆசாரிகளுக்கான பட்டறைச் சாமான் விற்பவர்களிடம் ஊசி அரம் செட்டும், 2/0 ரம்ப பிளேடும் கேளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில், பாகங்களை நறுக்கி எடுக்க ஒரு ஒயர் கட்டர். ஹார்டுவேர் கடையில் 400, 600, 1000, 2000 வாட்டர் பேப்பர். பிளாஸ்டிக் மாடல் சிமென்ட்டை மட்டும் கிட்டோடு சேர்த்தே வரவழையுங்கள். அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும். பெவிக்விக் மேலே பிடிக்குமே தவிர கரைக்காது, தட்டினால் விட்டுவிடும்.

பாகங்களை, அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு, பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் கழுவிக் காயவிடுங்கள். பாகங்களை வார்த்த அச்சிலிருந்து வந்த எண்ணெய் இருந்தால் பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் ஒட்டி நிற்காது, விலகும்.

முதலில் வண்டி நிற்கும் நிலை

பசைக் குப்பியை இன்னும் திறக்காதீர்கள். ஸ்ட்ரீட் ராடின் பாதி அழகு அது நிற்கிற விதத்தில் இருக்கிறது: முன்னால் தணிந்து, பின்னால் பெரிய டயரில் ஏறி. களிமண் அல்லது செலோ டேப் வைத்து சேசிஸ், அச்சு, சக்கரம், பாடி எல்லாவற்றையும் தற்காலிகமாகப் பொருத்தி, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். முன்பக்கம் இன்னும் தாழ வேண்டுமானால், ஸ்பிரிங் குறுக்குச் சட்டத்தில் உட்காரும் இடத்தை 2 மி.மீ. இழையுங்கள். டயர் எங்காவது உரசுகிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். சேசிஸையும் அதே கண்ணாடி மேல் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். துணி விரித்த மேசையில் ஒட்டினால் லேசாக முறுக்கிக்கொள்ளும். ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும். அதற்குப் பிறகு அதைச் சரிசெய்ய முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும்.

மட்கார்டு இல்லாமல் கட்டுகிறீர்கள் என்றால் இன்னொன்று: இந்த மாடலில் சேசிஸின் பக்கச் சட்டம் வெளியே தெரியும். அதன் இணைப்புக் கோட்டை இப்போதே 400, 600 போட்டு மறைத்து, பாடியின் நிறத்தையே அதற்கும் அடியுங்கள்.

கூரை வெட்டு

3 மி.மீ. அகலத்தில் மாஸ்கிங் டேப்பை வெட்டி, முன் தூண்கள், கதவுக்குப் பின்னுள்ள பகுதி, பின் ஜன்னல் ஊடாக ஒரே மட்டத்தில் சுற்றிலும் ஒட்டுங்கள். முதலில் மேல் விளிம்பில், பிறகு கீழ் விளிம்பில் ரம்பத்தை ஓட்டுங்கள். டேப் வெளியே வரும் துண்டுக்குள் இருக்கட்டும். ரம்பமும் டேப்புக்கு உள்பக்கமாகவே போகட்டும். கோட்டை எட்டுவதை அரத்திடம் விடுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் முன் தூண் ஒடியும், அதன் அகலம் அவ்வளவுதான்.

கூரையை வைத்துப் பார்த்தால் முன்னால் ஓரளவு சேரும், பின்னால் கீழ் விளிம்பு துளி வெளியே நிற்கும். பின்பக்கம் மேலே போகப்போக உள்ளே சாய்வதால் அப்படி. நீங்கள் தப்பாக வெட்டவில்லை. சிமென்ட் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு இடைவெளியில் பெவிக்விக் ஒரு துளி, மேலே சமையல் சோடா. அரை மணி நேரத்துக்குள் இழைத்துவிடுங்கள். மறுநாளுக்கு வைத்தால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, அரம் பக்கத்திலேயே பள்ளம் தோண்டும்.

பெயிண்ட்

கார் டச்-அப் கேன் அடிக்கலாம். ஆனால் சிலவற்றின் கரைப்பான் வெறும் பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். பாகங்கள் ஒட்டி வந்த சட்டத்தின் ஒரு துண்டில் அடித்துப் பார்க்காமல் பாடியில் அடிக்காதீர்கள். 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், மெல்லிய பூச்சாக இரண்டு, 10 நிமிட இடைவெளியில். கடைசியாக ஒன்று சற்று ஈரமாக. முதலில் அடிக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) 24 மணி நேரம் காயட்டும், 1000 வாட்டர் பேப்பரில் தேய்த்துவிட்டு நிறம். பெயிண்டில் எனாமல், லாக்கர் என்று இரண்டு வகை: எனாமல் மேல் லாக்கர் அடித்தால் பாலாடை போல் சுருங்கிவிடும். லாக்கர் மேல் எனாமல் தாங்கும்.

மதுரை வெயிலில் மே மாத நண்பகலில் அடித்தால் துளி பறக்கும்போதே காய்ந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகும். ஐப்பசி மழையில் அடித்தால் வேறு சிக்கல்: கரைப்பான் ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து லாக்கர் வெளுக்கும். ஆடிக் காற்றில் மொட்டை மாடி பக்கமே போகாதீர்கள். மழை இல்லாத நாளில், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், ஜன்னல் திறந்த அறையில், தரையில் தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டு அடிப்பது நல்லது. காயவைக்கவும் வெயிலில் வைக்க வேண்டாம். கறுப்பு பிரைமர் அடித்த மெல்லிய பாகங்கள் வளைந்துவிடும்.

எஞ்சின்

பிளக் ஒயர் போட்டால் மாடலே மாறிவிடும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 30 கேஜ் எனாமல் கம்பி கேளுங்கள், தடிமன் 0.3 மி.மீ., நிஜ ஒயரின் அளவு கிட்டத்தட்ட அதுதான். கறுப்பு அடித்து, எட்டுத் துண்டுகள் நறுக்குங்கள். 1932-இன் ஃபிளாட்ஹெட் எஞ்சினில் (ஃபோர்டின் அந்த வி8) டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பிளக் ஒயர்கள் கிளம்பும் பாகம், முன்னால் இருக்கும், பிளக்குகள் ஹெட்டின் மேலே. கிட்டில் செவர்லே ஸ்மால் பிளாக் என்ற வேறு வி8 எஞ்சின் வந்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால். இரண்டையும் குழப்பினால் தெரிந்தவர் முதலில் கேட்பது இதைத்தான்.

கண்ணாடி

கூரை இறங்கியதால் கிட்டின் கண்ணாடி இனிப் பொருந்தாது. புதுச் சட்டை பெட்டியின் தெளிவான பிளாஸ்டிக்கை எடுத்து, முதலில் காகிதத்தில் மாதிரி வெட்டிப் பார்த்து, பிறகு அதை வெட்டுங்கள். ஒட்டுவதற்கு பெவிக்விக் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியைப் பனிபோலாக்கும். பெவிகாலை ஊசி முனையில் எடுத்து விளிம்பில் மட்டும் தடவுங்கள். பிதுங்கியதை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். பின் ஜன்னலை உள்ளலங்காரம் போடும் முன் ஒட்டிவிடுங்கள். பிறகு விரல் அங்கே போகாது.