எழுபத்திரண்டால் பெருக்கிப் பாருங்கள்: பிளாஸ்டிக் விமான மாதிரியைக் கட்டுவதும் மேம்படுத்துவதும்

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 11.23 மீட்டர். அதை 1/32 அளவில் செய்தால் 351 மி.மீ., 1/48 அளவில் 234 மி.மீ., 1/72 அளவில் 156 மி.மீ. வரும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் இந்தப் பின்னத்தைப் பெரும்பாலோர் அலமாரியில் எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள். கட்டும்போது நேரும் ஒவ்வொரு பிசகும் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும் அதுவே சொல்கிறது. 1/72 மாதிரியில் இறக்கையின் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் தடித்திருந்தால், உண்மையான விமானத்தில் அது 36 மி.மீ. தடிமனுக்குச் சமம், அங்கே இருக்க வேண்டியதோ சில மில்லிமீட்டர்தான். ஆகவே ஒரு கிட்டை, அதாவது பெட்டியில் வரும் மாதிரிப் பாகத் தொகுப்பை, மேம்படுத்த நினைப்பவர் கூடுதல் பாகங்களுக்குச் செலவு செய்வதற்கு முன், ஓர் அளவுகோலையும் ஒரு பெருக்கல் கணக்கையும் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

முதல் மாதிரிக்கு ஒற்றை இயந்திரமும் ஒற்றைத் தட்டு இறக்கையும் கொண்ட விமானமே ஏற்றது. இரட்டைத் தட்டு இறக்கை விமானங்களின் இழுகம்பிகளும், குண்டுவீச்சு விமானங்களின் கண்ணாடி மூக்குகளும் பொறுமையைச் சோதிப்பவை. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அச்சு எப்போது செய்யப்பட்டது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய அச்சுகள் புதிய அட்டைப்பெட்டியில் மீண்டும் மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. ஃப்ராக் நிறுவனம் 1936-இல் 1/72 அளவில் வெளியிட்ட கிட்கள் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. ஏர்ஃபிக்ஸ் தன் முதல் ஸ்பிட்ஃபயரை 1950-களில் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. பழைய அச்சுகள் பலவற்றில் தகட்டு இணைப்புக் கோடுகள் மேடாகப் புடைத்திருக்கும். புதியவற்றில் அவை பள்ளமாக இருக்கும். இந்த ஒரு வேறுபாடே வேலையின் அளவை இரு மடங்காக்கக்கூடியது.

கருவிகளுக்கு நீண்ட பட்டியல் தேவையில்லை. ஒருபுறம் தட்டையான நிப்பர் (வெட்டுக்குறடு), மாற்றுத் தகடு போடக்கூடிய கூரிய கத்தி, நுனி மெலிந்த இடுக்கி, 400 முதல் 2000 வரையிலான உப்புத்தாள், மாஸ்கிங் டேப், கையால் சுழற்றும் சிறு துளைப்பான் ஆகியவை போதும். மழுங்கிய கத்தித் தகட்டைச் சேமிப்பது மட்டும் வேண்டாம். வழுக்கி விரலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான்.

பாகங்கள் தம்மைப் பிணைத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டகத்திலேயே இருக்கும்போது அவற்றை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி உலரவிட வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொண்டிருந்தால், பின்னர் வர்ணம் பிடிக்காது. பாகத்தை வெட்டும்போது ஒரேயடியாக அதன் ஓரத்தை ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் வெளிறும், சில வேளை ஒரு சிறு துண்டும் பெயர்ந்துவிடும். முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மிஞ்சிய முனையைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து முடிப்பதே முறை. அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் விளிம்பெங்கும் மெல்லிய பிசிறு இருக்கும். சக்கரக் கால்களிலும் துப்பாக்கிக் குழல்களிலும் அது எளிதில் கண்ணுக்குத் தப்பும், வர்ணம் பூசியபின் பளிச்சென்று தெரியும்.

பசையைத் திறக்குமுன் பாகங்களை வெறுமனே பொருத்திப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். உடற்பகுதியின் இரு பாதிகளையும் டேப்பால் கட்டி, உள்ளே விமானி அறையை வைத்து, இறக்கையையும் சேர்த்துப் பாருங்கள். எங்கோ இடிக்கும், எங்கோ இடைவெளி விழும். பெரும்பாலும் குற்றவாளி, அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளும் ஊசிகள் உட்புறத்தில் விட்ட வட்ட மேடுகளோ, விமானி அறைத் தரையின் அரை மில்லிமீட்டர் கூடுதல் அகலமோதான். இதை இப்போது தேய்த்துச் சரிசெய்தால் ஐந்து நிமிட வேலை, ஒட்டியபின் என்றால் ஒரு மாலை முழுவதும் இடைவெளியை நிரப்பும் களிம்பான புட்டியோடு போராட வேண்டும்.

பின்விளிம்பை மெலிதாக்கும் வேலையும் ஒட்டுவதற்கு முன்பே நடக்க வேண்டியது. என் கணிப்பில், இறக்கையின் மேல், கீழ்ப் பாதிகளை இணைக்குமுன் உட்புறத்தைத் தேய்த்துக் குறைப்பதைப் போல, இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை. தட்டையான ஒரு கட்டையில் 400 உப்புத்தாளை ஒட்டி, கீழ்ப்பாதியின் உட்பக்கத்தை அதன்மேல் வைத்துப் பின்விளிம்பின் பக்கமாக மட்டும் அழுத்தம் கொடுத்துத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒளி ஊடுருவத் தொடங்கும்; அப்போது நிறுத்திவிடலாம். வெளிப்புறத்தில் கை வைக்காததால் மேற்பரப்பு விவரங்கள் எதுவும் அழிவதில்லை.

பாலிஸ்டைரின் பசை என்பது சொல்லளவில்தான் பசை. அது இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கிறது. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காகிவிடுகின்றன. இதைப் புரிந்துகொண்டால் பயன்படுத்தும் விதமும் தானே விளங்கும். நீர்த்த வகைப் பசையைப் பாகத்தில் பூசி ஒட்ட வேண்டியதில்லை. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்புக் கோட்டைத் தூரிகை நுனியால் தொட்டால், நுண்புழை ஈர்ப்பினால் அது கோடு நெடுக ஓடிப் பரவும். சில நொடிகளில் மெல்ல அழுத்தினால், கரைந்த பிளாஸ்டிக் மெல்லிய இழையாக வெளியே பிதுங்கும். அந்த இழை நல்ல அறிகுறி. இணைப்பு இடைவெளியின்றி நிரம்பிவிட்டது என்று பொருள். அதைத் துடைக்காமல் ஒரு நாள் முழுவதும் இறுகவிட்டுப் பிறகு தேய்த்தால் கோடு மறைந்துபோகும். அவசரப்பட்டு அன்றே தேய்த்தால், மிச்சமுள்ள கரைப்பான் வெளியேறும்போது பரப்பு சுருங்கி, ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் பள்ளம் தோன்றும். விரலுக்கும் டேப்புக்கும் அடியில் பசை ஓடிவிட்டால் கைரேகை நிரந்தரமாகப் பதியும் என்பதால் பிடிக்கும் இடத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். அறையில் காற்றோட்டம் அவசியம்.

இறக்கைகளை உடலோடு இணைக்கும்போது முன்னாலிருந்து பார்த்து இரு முனைகளும் சம உயரத்தில் இருக்கின்றனவா, வால் இறக்கை அவற்றோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். விவரங்கள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கோணலாக நிற்கும் விமானத்தைக் கண் மன்னிப்பதில்லை. இறக்கையின் வேரில் இடைவெளி விழுந்தால் உடனே புட்டியைத் தேட வேண்டாம். முனையிலிருந்து முனைக்கு டேப்பைச் சற்று இழுத்து ஒட்டினால், இறக்கைகள் மேல்நோக்கி எழும்பி இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொள்ளும். எஞ்சும் சிறு பிளவுகளுக்குச் சயனோஅக்ரிலேட் உடனடிப் பசை பொருந்தும், ஆனால் நாள் ஆக ஆக அது பிளாஸ்டிக்கை விடக் கடினமாகிவிடுவதால் ஒட்டிய ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். குழாயில் வரும் புட்டி உலரும்போது சுருங்கும். ஆகவே அதை மெல்லிய படலங்களாக இரண்டு, மூன்று முறை இட வேண்டும்.

தேய்த்த இடத்தில் தகட்டுக் கோடுகள் அழிந்துபோகும். அவற்றைத் திரும்பக் கீறுவதற்கு, தடித்த ஒட்டுநாடாவை வழிகாட்டியாக ஒட்டி, கீறு ஊசியை அழுத்தமே இன்றி ஐந்தாறு முறை இழுக்க வேண்டும். முதல் இழுப்பிலேயே ஆழம் தேடினால் ஊசி தடம் மாறும். இங்கும் பெருக்கல் கணக்கு உதவும். 0.2 மி.மீ. அகலக் கோடு, 1/72 அளவில் 14 மி.மீ.க்கும் மேற்பட்ட சந்து. அப்படியொரு சந்தோடு எந்த விமானமும் பறப்பதில்லை. ஆகவே எவ்வளவு மெலிதாகக் கீறினாலும் அது மிகைதான், ஆழமாக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.

சில இடங்களில் கோட்டை அடைத்துவிடுவதே மேம்பாடு. பி-51 மஸ்டாங்கின் இறக்கையில் காற்று சீராக வழிந்தோட வேண்டும் என்பதற்காக, முன்பகுதியின் தகட்டு இணைப்புகளையும் ரிவெட்களையும் தொழிற்சாலையிலேயே புட்டியால் நிரப்பி, தேய்த்து, வெள்ளி வர்ணம் பூசினார்கள். பல கிட்களில் அதே பரப்பு முழுவதும் ரிவெட் புள்ளிகளால் நிறைந்திருக்கும். அவற்றை நிரப்பி மழமழப்பாக்கி, உடற்பகுதியை மட்டும் வெற்று அலுமினியமாக விட்டால், உலோகப் பளபளப்புக்கும் வெள்ளி வர்ணத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்து மாதிரி உயிர்பெறும். அதே மஸ்டாங் நின்றுகொண்டிருக்கையில் ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கி, ஃபிளாப்களும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடிப்புகளும்) உட்புறச் சக்கரக் கதவுகளும் தொங்குவது வழக்கம். ஸ்பிட்ஃபயரின் ஃபிளாப்களோ நிறுத்தியிருக்கையில் பெரும்பாலும் மேலே மூடியிருக்கும். அவற்றைத் திறந்து காட்டும் விலையுயர்ந்த பித்தளைத் தகடுகளை வாங்குமுன் ஒரு புகைப்படத்தைப் பார்த்துவிடுவது பணத்துக்கு நல்லது.

செலவில்லாத திருத்தங்கள் இன்னும் உண்டு. துப்பாக்கிக் குழல்களையும் புகைபோக்கி வாய்களையும் 0.3 முதல் 0.5 மி.மீ. வரையிலான துளைப்பானால் குடையலாம். துளையிடுமுன் ஊசி நுனியால் மையத்தில் ஒரு குழி இட வேண்டும். சக்கரத்தின் அடியைச் சற்றே தேய்த்துத் தட்டையாக்கினால் விமானத்தின் பாரம் தெரியும். சக்கரக் கதவுகளின் விளிம்பை மட்டும் உட்புறமாகச் சரித்துத் தேய்த்தால் முழுக் கதவும் மெல்லியதாகத் தோன்றும். இருக்கை வார்களை மாஸ்கிங் டேப் கீற்றுகளாலேயே செய்யலாம். பித்தளைப் பாகங்களை வளைக்குமுன் தீச்சுடரில் ஒரு கணம் காட்டினால் அவை இளகும். கூடுதலாக வாங்கும் ரெசின் (வார்ப்புப் பிசின்) பாகங்களைப் பாலிஸ்டைரின் பசை ஒட்டாது. உடனடிப் பசைதான் வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் அவற்றை நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் கட்டாயம்.

முன்சக்கரம் கொண்ட விமானங்களுக்கு மூக்கில் எடை வைக்க மறக்கக் கூடாது. நான் கட்டிய முதல் மிக்-15 இன்றும் வாலைத் தரையில் ஊன்றி, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. உடலை மூடுமுன் எல்லாப் பாகங்களையும் டேப்பால் சேர்த்துக் கட்டி, பிரதானச் சக்கரங்கள் வரும் இடத்தில் தாங்கிப் பிடித்து, மூக்கு தெளிவாகச் சாயும்வரை எடை சேர்க்க வேண்டும். ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையால் ஒட்டினால் ஈயம் அரித்து, ஊதி, சில ஆண்டுகளில் மூக்கையே பிளந்துவிடும்; எபாக்ஸி பாதுகாப்பானது.

விமானி அறைக் கண்ணாடிக்கு மட்டும் வெள்ளைப் பசை நல்லது, ஏனெனில் உடனடிப் பசையின் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும்.

வர்ணத்துக்கு முன் சாம்பல் நிறப் பிரைமர், அதாவது அடிவர்ணம், ஒரு பூச்சு. அதுவரை கண்ணுக்குத் தப்பிய எல்லாக் கீறல்களும் அப்போது வெளிவரும். மனம் தளராமல் தேய்த்து மீண்டும் பூச வேண்டும். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வர்ணம் தெளிக்கும் கருவி) இருந்தால் 0.3 மி.மீ. முனையும், சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தமும், பால் பதத்துக்கு நீர்த்த வர்ணமும் தொடங்குவதற்கு ஏற்றவை. ஒரே முறையில் மூடிவிட நினைக்காமல் மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். வெளிர் நிறங்கள் முதலில், அடர் நிறங்கள் பிறகு. சுத்தக் கறுப்பைத் தவிர்த்து, டயர்களுக்கும் உந்துசுழலிக்கும் அடர்ந்த சாம்பலைப் பயன்படுத்துவது என் வழக்கம். சிறிய பொருளில் முழுக் கறுப்பு ஒரு ஓட்டையைப் போலத் தெரிகிறது.

டெக்கால்களை, அதாவது சின்னங்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படலங்களை, ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் பூச வேண்டும். மங்கலான வர்ணத்தின் சொரசொரப்பில் காற்று சிக்கினால், டெக்காலின் வெற்றுப் படலம் வெள்ளியாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். இளக்கும் திரவத்தை மேலே தடவியதும் டெக்கால் சுருங்கிக் கோணலாகும். அதைக் கண்டு பதறித் தொட்டால் கிழியும். விட்டுவிட்டால் தானே படிந்து கோடுகளுக்குள் இறங்கும். அடுத்து மீண்டும் வார்னிஷ், அதன்மேல் கோடுகளில் அடர்பழுப்பு எனாமல் கரைசல். கீழுள்ள வர்ணமும் எனாமலாக இருந்து, இடையில் அக்ரிலிக் அல்லது லேக்கர் வார்னிஷ் இல்லாவிட்டால், கரைப்பான் இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும். மிஞ்சியதைக் காற்று ஓடும் திசையில், அதாவது மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடைத்து, இறுதியாக மங்கல் வார்னிஷ் பூச வேண்டும்.

கடைசியாக வருவது வானொலிக் கம்பி. முதற்காலத்து ஸ்பிட்ஃபயர்களில் அது விமானி அறைக்குப் பின்னுள்ள கம்பத்திலிருந்து வால்சுக்கானின் உச்சிவரை செல்லும். சட்டகத்தின் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே சுழற்றிக்கொண்டே இருந்து, அது இளகித் தொய்யத் தொடங்கியதும் சுடரிலிருந்து விலக்கி, சீரான வேகத்தில் இரு கைகளாலும் இழுத்தால் முடி போன்ற இழை கிடைக்கும். 0.1 மி.மீ. இழையும் எழுபத்திரண்டு மடங்கில் 7 மி.மீ. கம்பியாகிவிடும் என்பதால், கிடைத்தவற்றில் ஆக மெல்லியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரு முனைகளையும் ஒரு துளி உடனடிப் பசையால் ஒட்டியபின் இழை தொய்ந்திருந்தால், தீக்குச்சியை ஊதி அணைத்ததும் மிஞ்சும் கனலை ஓர் அங்குலம் தள்ளி அதன் கீழே நகர்த்துங்கள். இழை தானே சுருங்கி விறைக்கும். இன்னும் நெருங்கினால் அறுந்துவிடும், ஆகவே சட்டகத்தின் மீதித் துண்டுகளை அதுவரை எறியாமல் வைத்திருங்கள்.