முழங்கால் முன்வலியும் சைக்கிள் இருக்கையின் உயரமும்

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே சைக்கிளில் போய்வருபவர்களுக்கு முழங்கால் சில்லின் முன்புறத்தில், குறிப்பாக மாடிப்படி இறங்கும்போது வலி எடுத்தால், பெரும்பாலும் அது சில்லுக்கும் தொடையெலும்புக்கும் இடையே திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தின் விளைவே. சாலை சமதளம்தான், ஆனால் கடற்காற்றை எதிர்த்துக் கனமான கியரில் மிதிப்பது மேடேறுவதற்குச் சமம்.

முதலில் தூரத்தைக் குறையுங்கள். வலி கடுமையானால் சில நாட்கள் ஓட்டாதீர்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடம் வைத்தால் வலி தணியும், காரணம் நீங்காது.

பலருக்கும் காரணம் தாழ்ந்த இருக்கைதான். சுவரைப் பிடித்தபடி இருக்கையில் அமர்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, அதைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுசெல்லுங்கள். இடுப்பு சாயாமல் கால் முழுதாக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது அந்நிலையில் முழங்கால் 25 முதல் 35 பாகை மடிந்திருக்கும். மிகையாக உயர்த்தினால் வலி முழங்காலின் பின்புறத்துக்கு மாறக்கூடும் என்பதால், ஒருமுறைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாமல், பழைய உயரத்தை இருக்கைத் தண்டில் டேப் ஒட்டிக் குறித்துவைப்பது நல்லது. இதைச் செய்யாமல் முழங்காலுக்கான மீள் உறையை (knee cap) மட்டும் வாங்கி மாட்டுவது வீண்செலவு.

மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டித் தொடையை இறுக்கி உயர்த்தி 5 நொடி நிறுத்தும் பயிற்சியை அன்றாடம் செய்யுங்கள். மீண்டும் ஓட்டத் தொடங்குகையில், லேசான கியரில் நிமிடத்துக்குச் சுமார் 80 சுற்று என்ற வேகத்தில் மிதியுங்கள். வீக்கம் இருந்தாலோ, மூட்டு பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரைத் தாமதியாமல் பாருங்கள்.