கட்டற்ற மென்பொருள் அமைப்புக்கு உறுப்பினரும் நிர்வாகிகளும் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறைய நிரல் எழுதியவருக்கு மரியாதையாக நிர்வாகக் குழுவில் ஓர் இடம் கொடுப்பதுதான் கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய மென்பொருளை, வளர்க்கும் அமைப்புகளில் அதிகம் நடக்கும் தவறு. குழுவின் வேலை வங்கிக் கணக்கு, ஆண்டுத் தாக்கல், ஒப்பந்தம், வணிகச் சின்னம், நடத்தை விதி மீறல் பற்றிய புகார் என்று வேறு திசையில் போகும். திட்டத்தைப் பல ஆண்டுகள் பராமரித்தவரை அதில் உட்கார வைத்தால் நிரலும் நிற்கும், கணக்கும் தேங்கும். அவரைக் கௌரவிக்க வேறு வழி உண்டு. பைத்தான் நிரல்மொழியைக் கவனிக்கும் பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ‘ஃபெல்லோ’ என்ற தனித் தகுதியே வைத்திருக்கிறது. வரவு செலவுத் தாளைப் படிக்கத் தெரிந்தவர், நண்பரிடமும் ‘இது சரியில்லை’ என்று சொல்லக்கூடியவர், மெயிலுக்குத் தவறாமல் பதில் போடுபவர் ஆகியோர்தான் குழுவுக்கு வேண்டும். ஆவணம் எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், கூட்டங்களை ஒருங்கிணைப்பவர்கள் பக்கம் தேடுங்கள்.

‘தன்னார்வலர்கள் தேவை’ என்று பொதுவாக அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள். தன்னால் முடியுமா என்று முடிவு செய்யத் தேவையான எந்தத் தகவலும் அதில் இல்லை. ‘பொருளாளர், மாதம் 6 மணி நேரம், பதவிக்காலம் 2 ஆண்டு, ரசீதுகளைப் பதிவு செய்து, காலாண்டுக்கு ஒரு முறை ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும், பழைய பொருளாளர் முதல் 3 மாதம் கூட இருப்பார்’ என்று எழுதுங்கள். பிறகு பொருத்தமான நான்கைந்து பேரிடம், ஏன் அவரை நினைத்தீர்கள் என்ற காரணத்தோடு தனித்தனியாகக் கேளுங்கள். கூச்சத்தால் கைதூக்காத நல்லவர்கள் இப்படிக் கேட்டால்தான் வருவார்கள்.

‘கையெழுத்து மட்டும் போடுங்க, வேலை ஒண்ணும் இல்ல’ என்று சொல்லி ஆள் சேர்ப்பது இவை எல்லாவற்றிலும் மோசமானது. தமிழ்நாட்டில் சங்கமாகப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும் என்பதால் இந்தப் பேச்சு சகஜமாகிவிட்டது. அமைப்பு பிரிவு 8 நிறுவனமாக (நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவாகும் லாப நோக்கற்ற நிறுவனம்) இருந்தால் ஆபத்து இன்னும் பெரியது. நிதிநிலை அறிக்கையையோ ஆண்டு அறிக்கையையோ தொடர்ந்து 3 நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால், அதன் இயக்குநர்கள் 5 ஆண்டுகளுக்கு வேறு எந்த நிறுவனத்திலும் இயக்குநராக நியமிக்கப்பட முடியாது. நாளை சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞரிடம் இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது அநியாயம். கடைசி இரண்டு ஆண்டு அறிக்கைகளையும் வங்கி இருப்பையும் காட்டிவிட்டு, யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள்.

உறுப்பினர் வாசல் அளவுக்கு மீறித் திறந்திருந்தாலும் சிக்கல்தான். 2018 நவம்பரில், யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடத்தை நடத்தும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஃபவுண்டேஷனின் போர்டு தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, இந்தியாவில் இயங்கும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் சுமார் 100 பேர் மொத்தமாக உறுப்பினராகச் சேர்ந்தார்கள். யாருடைய ஏற்பாடு என்று பெரிய விசாரணையே நடந்தது. கட்டணம் மட்டுமே தகுதியாக இருக்கும் எந்த அமைப்புக்கும் இது நேரலாம். ஆகவே பங்களிப்பையும் கேளுங்கள். லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை நடத்தும் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன், குறைந்தது 3 மாதம் பங்களித்து, மேலும் 6 மாதம் தொடர்வேன் என்பவரைத்தான் சேர்க்கிறது. பங்களிப்பு என்றால் நிரல் மட்டும் இல்லை என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மென்பொருளில் உள்ள வழுக்களை (பிழைகளை) அறிக்கையாகக் கொடுப்பவரும் மொழிபெயர்ப்பவரும் தமக்கு இடமில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். ஒரே முதலாளியின் ஆட்கள் குழுவை நிரப்பாமல் இருக்கவும் வரம்பு வேண்டும். லினக்ஸ் கணினிகளுக்கான நோம் திரைமுகப்பை வளர்க்கும் நோம் ஃபவுண்டேஷன், குழு இடங்களில் 40 சதவீதம் என்று வைத்திருக்கிறது.

பட்டியலில் பேர் ஏற ஏற மகிழ்ந்துவிட்டு, யாரையும் நீக்காமல் விடுவதும் தவறு. 200 பேர் பட்டியலில் இருந்து, குறைவெண் (கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) மூன்றில் ஒரு பங்கு என்றால் 67 பேர் வர வேண்டும். உயிரோட்டமாக இருப்பவர் 50 பேர் என்றால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. பைத்தான் ஃபவுண்டேஷனில் முந்தைய ஆண்டு வாக்களிக்காத உறுப்பினர்கள், வாக்களிக்க விரும்புவதை உறுதிசெய்ய வேண்டும். அதுபோல் உங்கள் துணைவிதியிலும் சேருங்கள்.

எல்லாருடைய பதவிக்காலமும் ஒரே நாளில் முடியும்படி வைக்காதீர்கள். ஒன்பது இடம் என்றால் ஆண்டுக்கு மூன்று காலியாகட்டும். டொமைன் கணக்கு, சர்வர் கடவுச்சொற்கள், டிஜிட்டல் கையொப்பம், வங்கிக் கையொப்பதாரர் எல்லாம் ஒரே தாளில் பட்டியலாக இருக்கட்டும். வங்கியில் கையொப்பதாரரை மாற்றத் தீர்மான நகல், அடையாளச் சான்று என்று அலைய வேண்டியிருக்கும். பழையவர் ஊரை விட்டுப் போகும் முன்பே தொடங்கிவிடுங்கள்.

உண்மையாக உழைக்க ஏழு பேர் கிடைக்கவில்லை என்றால் பதிவையே தள்ளிப்போடுங்கள். டெபியன் என்ற இயங்குதளத்துக்கும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுக்கும் நன்கொடையை வாங்கிக் கணக்கு வைப்பது சாஃப்ட்வேர் இன் த பப்ளிக் இன்டரஸ்ட் என்ற அமெரிக்க அமைப்பு. நன்கொடையில் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும். இத்தகைய அமைப்பின் நிழலில் இருந்துகொண்டு, ஆட்கள் சேரும்வரை மென்பொருளைக் கவனிக்கலாம்.