குளிரல் வளையியில் சமதளம் வரவைக்கும் வழி

மெழுகுதிரியை உருக்கி ஆறவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துப் பாருங்கள். நேரத்தோடு வெப்பநிலை இறங்குவதைக் காட்டும் இந்த வரைபு, அதாவது குளிரல் வளையி, நெடுகச் சரிந்துகொண்டே இறங்கும். புத்தகத்தில் உள்ள கிடையான துண்டு, அதாவது சமதளம், அதில் இராது. பிள்ளைகள் தாங்கள் பிழைவிட்டதாக நினைத்து, கொப்பியில் எண்களைத் திருத்தி எழுதிவிடுவார்கள். பிழை பதார்த்தத்தில்தான். கடை மெழுகு பல ஐதரோகாபன்களின் கலவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு வெப்பநிலையில் உறைவதால் கோடு சரிகிறது. சமதளம் வேண்டுமென்றால் முதலில் தூய பதார்த்தம் வேண்டும்.

பாடசாலைக்குப் பொருத்தமானது ஸ்ரியறிக் அமிலம். தூயது ஏறத்தாழ 69 பாகை செல்சியசில் உறையும். ஆய்வுகூடத் தரம் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். சவர்க்காரம் செய்வதற்கு விற்பதில் பாமிற்றிக் அமிலமும் கலந்திருக்கும், அந்தக் கலவை 55 பாகையை அண்டித்தான் உறையும். நப்தலீனும் (80 பாகை) நல்ல சமதளம் தரும். ஆனால் அதன் ஆவி உடம்புக்குக் கூடாது; பூட்டிய வகுப்பறையில் அதை உருக்கவே வேண்டாம்.

கொதிகுழாயில் (அகன்ற சோதனைக் குழாய்) 10 கிராம் அமிலம் இடுங்கள். 110 பாகை வரை காட்டும் மதுசார வெப்பமானி போதும். இரசம் உள்ளது உடைந்தால் துப்புரவாக்குவது பெரிய வேலை. கலக்குவதற்கு வெப்பமானியைப் பாவிக்காமல், பழைய வயரிலிருந்து உரித்த செப்புக்கம்பியின் நுனியை வளையமாக்கி, அது வெப்பமானியைச் சுற்றி மேலும் கீழும் போகுமாறு வையுங்கள். முகவை நீரை 85 பாகைக்குச் சூடாக்கி, கொதிகுழாயை அதில் இறக்குங்கள். குழாயை நேரே சுவாலையில் பிடித்தால் அடி கருகும், மேல் உருகாமல் நிற்கும்.

முழுவதும் தெளிந்து 80 பாகை வந்ததும் வெளியே எடுத்து, குழாயின் வெளிப்புற ஈரத்தைத் துடையுங்கள். துடைக்காவிட்டால் அந்த நீர் ஆவியாகும்போது குழாயிலிருந்து வெப்பத்தை இழுக்கும், முதல் இரண்டு மூன்று வாசிப்புகள் கெட்டுப்போகும். பிறகு வாயகன்ற வெறும் போத்தலொன்றுக்குள் குழாயைத் தொங்கவிட்டு, வாயைப் பஞ்சால் அடையுங்கள். சுற்றியுள்ள காற்று உறையால் வெப்பம் மெதுவாகவும் சீராகவும் போகும். வன்னியில் இந்தப் போத்தல் கட்டாயம் என்றே சொல்லலாம். ஆனி, ஆடியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) திறந்த சன்னலால் அடிக்கும்போது குளிரும் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், வளையியில் காரணம் தெரியாத முறிவுகள் வரும். காற்றால் சமதளத்தின் உயரம் மாறாது. நீளம் குறையும், அவ்வளவுதான்.

30 செக்கனுக்கு ஒருமுறை வாசியுங்கள், இடையில் நிறுத்தாமல் மெதுவாகக் கலக்குங்கள். கிட்டப் பார்த்தால் முதலில் குழாயின் சுவரோரத்தில் மங்கலான வெள்ளைப் படலம் தெரியும். பிறகு ஊசிபோன்ற பளிங்குகள் உள்நோக்கி நீளும். அதே வேளையில் வெப்பநிலை இறங்காமல் நிற்கும். உறையும் மூலக்கூறுகள் விடுகிற வெப்பமும் வெளியே போகிற வெப்பமும் ஒன்றுக்கொன்று ஈடாவதுதான் காரணம். கூழாகிக் கம்பி அசைய மறுத்ததும் கலக்குவதை விடுங்கள், வாசிப்பதை விடாதீர்கள். 50 பாகை வரை தொடருங்கள்.

சில வேளை வெப்பநிலை 67 வரை இறங்கிவிட்டுத் திடீரென்று 69க்கு ஏறும். இது மிகைக்குளிரல்: உறைநிலைக்குக் கீழே போயும் திரவமாகவே நிற்பது. உறைநிலை என்று எடுக்கவேண்டியது ஏறி நின்ற மட்டத்தை, பள்ளத்தை அல்ல. பள்ளத்தை அழிக்காமல் வரைபில் அப்படியே விடுங்கள். சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்கு (48 பாகை) இதில் மிகவும் கெட்டிக்காரன்: அசைக்காமல் விட்டால் அறை வெப்பநிலையிலும் திரவமாகவே கிடக்கும். சின்னப் பளிங்கொன்றைப் போட்டதும் உறையும், குழாய் கையில் சுடும்.

சமதளம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். அதற்குச் சற்று முன்பு நிமிடத்துக்கு 2 பாகை இறங்குகிறது என்று வையுங்கள். அமிலமும் கண்ணாடியும் சேர்ந்து 1 பாகை இறங்க 45 யூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) அளவில் விடும் (குழாயின் நிறையைப் பொறுத்தது). அப்படியானால் நிமிடத்துக்கு 90 யூல். உறையும்போது விடவேண்டியது கிராமுக்கு ஏறத்தாழ 200 யூல், 10 கிராமுக்கு 2000. பிரித்தால் 22 நிமிடம். 40 நிமிடப் பாடவேளையில் உருக்கி, ஆற்றி, வரைபும் போடுவது நடவாது. இரட்டைப் பாடவேளை எடுங்கள்.

வெப்பமேற்றல் வளையிக்குப் பனிக்கட்டியை எடுத்தால் வேறொரு சிக்கல். மீன்வாடிக்கு வரும் ஐஸ் வகுப்புக்கு வந்து சேரும்போதே 0 பாகையில்தான் இருக்கும், ஆகவே வளையியின் முதற் சரிவு கிடைக்காது. உடைத்த ஐஸ் மூன்று பங்குக்கு உப்பு ஒரு பங்கு (ஆனையிறவு உப்பு போதும்) கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே 15 பாகைக்கும் அப்பால் இறக்கலாம். அதில் காய்ச்சி வடித்த நீர் 10 மில்லிலீற்றர் உள்ள சோதனைக் குழாயை வெப்பமானியோடு வைத்து உறையவிடுங்கள். உறையும் நீர் 9 வீதம் அளவில் விரிவதால், குழாயில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நீர் விடவேண்டாம். பின் எடுத்துத் துடைத்து, மேற்சொன்ன போத்தலுக்குள் வைத்து வாசியுங்கள்.

நிறைய ஐஸ் போட்டு முகவையில் செய்பவர்கள் கலக்காமல் விட்டால், மேலே ஐஸ் மிதந்துகொண்டிருக்க, அடியில் உள்ள குமிழ் 4 பாகை காட்டும். நீர் அந்த வெப்பநிலையில்தான் அடர்த்தி கூடியது, அதனால் கீழே போய்த் தங்கும். உருகல் சமதளம் சாய்வதற்கு முதற் காரணம் இதுதான்.

கொதிக்கும்வரை கொண்டுபோவதானால், ஒரே சீரான சுவாலையில் ஒவ்வொரு கட்டமும் எடுக்கும் நேரத்தை ஒப்பிடுங்கள். உருக கிராமுக்கு 334 யூல், 0 இலிருந்து 100க்கு ஏற 420, முழுதும் ஆவியாக 2260. வெப்ப இழப்பால் அளவில் வித்தியாசம் வரும். ஆனால் ஆவியாதல் மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு நீளாவிட்டால் சுவாலை மாறியிருக்கிறது. கிணற்று நீரில் கரைந்த உப்புகள் கொதிநிலையைப் பெரிதாக மாற்றா. கருப்பநீர் அப்படியல்ல: பனங்கட்டி காய்ச்சும்போது நீர் வற்ற வற்றக் கொதிநிலை ஏறும், பதம் வரும்போது 110 பாகையைத் தாண்டிவிடும். கலவைக்குச் சமதளம் இல்லை என்பதற்கு அடுப்படியிலேயே உள்ள சாட்சி இது.

வரைபுத்தாளில் புள்ளிகளைக் கோலினால் ஒவ்வொன்றாக இணைக்காமல், சீரான கோடாக இழுங்கள். சமதளத்தின் இரு முனைகளும் கொஞ்சம் வளைந்திருப்பது இயல்பு, அதைக் கூராக்க வேண்டாம்.

இறுகிய அமிலத்திலிருந்து வெப்பமானியை இழுத்தெடுக்காதீர்கள், குமிழ் முறியும். மீண்டும் வெந்நீரில் இறக்கி உருக்கியபின் எடுங்கள். உருகியதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதே கொதிகுழாயில் ஆறவிட்டு, தக்கையால் மூடி, பெயரும் நிறையும் எழுதி ஒட்டிவைத்தால் அடுத்த வகுப்பும் அதையே பாவிக்கலாம்.