வெள்ளைக் கறைக்கு ஆசிட், கருங்கறைக்குப் பிளீச்சிங் பவுடர்: இரண்டும் சந்திக்கக் கூடாது

போர் தண்ணீர் ஓடும் சென்னை வீட்டு பாத்ரூமில் இரண்டு விதக் கறை இருக்கும். குழாயடியிலும் டைல்ஸிலும் படிவது வெள்ளை உப்புக்கறை. மூலையிலும் டைல்ஸ் இடுக்கிலும் பிடிப்பது கரும்பூஞ்சை. உப்புக்கறை ஆசிட்டில் கரையும், பூஞ்சைக்குப் பிளீச்சிங் பவுடர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றும்போதுதான் விபரீதம். பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தங்கும். மேலே ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் இழுப்பதற்குள், குத்துக்காலிட்டுத் தேய்ப்பவரின் மூக்கில் ஏறிவிடும்.

லேபிளைப் படியுங்கள். ஹார்பிக் போன்ற நீல டாய்லெட் கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சுமார் 10 சதவீதம். ‘சோடியம் ஹைப்போகுளோரைட்’ என்று இருந்தால் அது பிளீச், பிளீச்சிங் பவுடரின் பங்காளி. இரண்டு ரகமும் கடையில் ஒரே தட்டில் அடுத்தடுத்து நிற்கும்.

தெருவில் “ஆசிட், ஃபினாயில்” என்று கூவி விற்பது பழைய தண்ணீர் பாட்டிலில் வரும். எத்தனை சதவீதம் என்று யாருக்கும் தெரியாது. ஆசிட் வாங்குபவரின் பெயர், முகவரியைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சைக்கிள்காரரிடம் ஏது பதிவேடு? அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

உப்புக்கறைக்கு முதலில் சிட்ரிக் ஆசிட் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் அரை மணி நேரம் சுற்றி வையுங்கள். கறை நுரைத்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஷவர் தலையைக் கழற்றி அதே கரைசலில் ஊறப் போடலாம், ஆனால் இரவு முழுக்க விட்டால் குரோம் பூச்சு போய்விடும். கடை ஆசிட் கிளீனர் டாய்லெட் கோப்பைக்கு மட்டும். பழைய வீடுகளின் மொசைக் தரை சிமென்டும் மார்பிள் சில்லும் சேர்ந்தது. எந்த ஆசிட் பட்டாலும் அரித்து, பளபளப்பு போய் சொரசொரப்பாகும். டைல்ஸ் இடுக்கில் இருப்பதும் சிமென்டுதான், அது கரைந்தால் நீர்க்கசிவு கீழ் வீட்டுக் கூரையில் தெரியும்.

பூஞ்சைக்கு ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி. பிளாஸ்டிக் வாளியில் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரைப் பூசுங்கள். இன்னும் 10 நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவலாம். வெந்நீர் வேண்டாம், அதில் குளோரின் சீக்கிரம் பறந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் பொட்டலத்தைத் திறந்து போட்டாலும் இதே கதிதான். நெடி குறைந்த பவுடரில் வீரியமும் குறைந்திருக்கும். அதனால் சின்னப் பொட்டலமாக வாங்கி இறுக மூடி வையுங்கள், கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். சிறுநீர் தேங்கிய கோப்பையில் பிளீச் ஊற்றினாலும் கண் எரியும் வாயு வரும், முதலில் ஃபிளஷ் செய்யுங்கள்.

இரண்டு வேலைக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். தரையைக் கழுவினால் மட்டும் போதாது. தரை ஜாலிக்குக் கீழே உள்ள டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், ஆசிட் அதில் தங்கியிருக்கும். இரண்டு வாளித் தண்ணீரை அதில் ஊற்றித் தள்ளுங்கள். சிங்க் அடைப்புக்குப் போடும் தூள் காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், அதனால் குனிந்து எட்டிப் பார்க்காதீர்கள், அதன் மேல் ஆசிட்டும் ஊற்றாதீர்கள்.

ரப்பர் கையுறையும் திறந்த கதவும் கட்டாயம். வேலைக்கு வரும் அக்காவிடம் எந்த பாட்டில் எது என்று காட்டிவிடுங்கள், கையுறையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஃபினாயிலைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தண்ணீர் கலந்தால் பால் போல் வெளுத்துவிடும் அதைக் குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.

நெடி தூக்கினால் கழுவிவிட நிற்காமல் உடனே வெளியே வாருங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டால் நனைந்த துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, சோடா உப்பு, பற்பசை எதுவும் தடவ வேண்டாம். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போன வழியே திரும்பும்போது தொண்டை இரண்டாம் முறை வேகும். 108-ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸ் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. வாயுவைச் சுவாசித்தவர் அப்போது தெளிந்துவிட்டாலும், சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம். இருமல் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு.